ரெசிடுவல் குளோரின்: ‘எச்சம்’ வேண்டாம், ‘மீந்த’ போதும்

நண்பர்களுக்கு வணக்கம்.

குடிநீரில் கிருமியைக் கொல்லக் கலக்கிற குளோரினில், வினையெல்லாம் முடிந்த பிறகும் தண்ணீரில் நிற்பதுதான் ரெசிடுவல் குளோரின். அதற்குத் தமிழில் ‘எச்சக் குளோரின்’ என்று நம் கலைச்சொல் இழையில் வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. இலக்கணம் படித்தவர்களுக்குப் பெயரெச்சமும் வினையெச்சமும் நினைவுக்கு வரும், சரி. ஆனால் இந்தச் சொல் போய்ச் சேர வேண்டியது வடசென்னையில் கொருக்குப்பேட்டையிலும் காசிமேட்டிலும் தெருமுனை சின்டெக்ஸ் தொட்டியில் குடம் பிடிப்பவர்களிடம். அங்கே எச்சம் என்றால் காக்கா எச்சம்தான். குடிதண்ணீரில் எச்சம் இருக்க வேண்டும் என்று நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் யார் படிப்பார்கள்?

பொருளைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். கலக்கிற குளோரினில் ஒரு பகுதி கிருமிகளைக் கொல்வதிலும், இரும்பு, கரிமப் பொருள்கள் இவற்றோடு வினைபுரிவதிலும் தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் தண்ணீரில் நிற்பதுதான் நமக்கு வேண்டியது. வழியில் சேரப்போகும் அழுக்கைச் சமாளிக்கவென்றே திட்டமிட்டு அதை விட்டுவைக்கிறார்கள்.

வழியில் என்ன சேரும் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. புழல் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்தோ கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலிருந்தோ சுத்தமாகத்தான் தண்ணீர் புறப்படுகிறது. விடும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் தெருக்குழாய் அழுத்தமில்லாமல் கிடக்கிறது, பக்கத்திலேயே கழிவுநீர்க் குழாயும் போகிறது. அந்த நேரத்தில் அடிபம்பை அடித்தாலோ, மோட்டார் வைத்து உறிஞ்சினாலோ இன்னும் மோசம், விரிசல் வழியாகச் சுற்றிலும் தேங்கிய சாக்கடையே உள்ளே வந்துவிடும். முதலில் வருகிற தண்ணீர் கலங்கலாக, நாற்றமாக வந்தால் கீழே ஊற்றிவிட்டு அடுத்த குடத்தை வைக்கிறோம். ஆனால் கண்ணுக்குத் தெளிந்த தண்ணீரிலும் கிருமி இருக்கலாமே. கொஞ்சமாகக் கசிந்தால் மீந்த குளோரின் தாங்கும். நிறையக் கலந்தால் அது முழுக்கத் தீர்ந்து சோதனையில் பூஜ்யம் காட்டும், அந்தப் பூஜ்யமே ஒரு எச்சரிக்கை.

சோதனையும் பெரிய வித்தை இல்லை. சின்னக் குப்பியில் குழாய்த் தண்ணீர் பிடித்து, டிபிடி என்கிற, குளோரின் பட்டால் நிறம் மாறும் மருந்தின் மாத்திரையை நசுக்கிப் போட்டுக் குலுக்கினால் ரோஸ் நிறம் வரும், அதை நிற அட்டையோடு ஒப்பிட வேண்டியதுதான். ஐஎஸ் 10500 (2012) என்கிற இந்தியக் குடிநீர்த் தரப்படி குழாய்முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். நிறமே வராமல் வெறும் தண்ணீராக நின்றால் பக்கத்தில் குடத்தோடு நிற்கும் அக்காவுக்கு என்ன சொல்வது? ‘மீந்த குளோரின் இல்லை, காய்ச்சிக் குடிங்க’ என்று சொல்லலாம், உடனே புரியும்.

‘எஞ்சிய’ என்றும் வைக்கலாமே என்று கேட்பீர்கள். பிழையில்லை, ஆனால் அது ஏட்டில் மட்டும் இருக்கிறது. மீந்தது என்றால் பழசு என்று தோன்றும் என்பவர்களுக்கு: சம்பளத்தில் காசு மீந்தால் யாரும் பழசு என்று சொல்வதில்லை.

இந்த வரவுசெலவுக் கணக்கையே கொஞ்சம் நீட்டினால் மற்ற சொற்களும் வரிசையாக அமைகின்றன. கலந்த அளவு ‘இட்ட குளோரின்’, வினையில் தீர்ந்தது ‘செலவான குளோரின்’, நிற்பது ‘மீந்த குளோரின்’. இந்தச் செலவைத்தான் ஆங்கிலத்தில் குளோரின் டிமாண்ட் என்கிறார்கள். அதற்கு ‘குளோரின் தேவை’ என்று எழுதினால், போட வேண்டிய மொத்த அளவு என்று மாணவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். ‘செலவு’ என்றால் அந்தக் குழப்பம் வராது.

அப்புறம், மீந்ததில் இரண்டு வகை. அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமீனாக இருப்பது ‘சேர்ந்த மீதம்’, சேராமல் இருப்பது ‘தனி மீதம்’. கிருமியைக் கொல்வதில் தனி மீதம் பல மடங்கு வேகம், 0.2 என்பதும் அதற்குத்தான். அதனால் கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது.

குளோரினைக் கூட்டிக்கொண்டே போனால், ஏறிய சேர்ந்த மீதம் ஒரு கட்டத்தில் சிதைந்து மிகக் குறைந்துவிடும். அந்த இடத்துக்குப் பெயர் பிரேக்பாயின்ட். அதற்குத்தான் எனக்கு இன்னும் திருப்தியாக ஒன்றும் அமையவில்லை. ‘முறிபுள்ளி’ என்றால் எது முறிகிறது என்று விளங்கவில்லை. அந்த இடத்தைத் தாண்டிய பிறகுதான், போடப் போடத் தனி மீதம் ஏறுகிறது. அதை வைத்துச் சொல் தோன்றுகிறவர்கள் எழுதுங்கள்.