வெள்ளைக் குதிரை அனுபவங்கள்: வாங்கினது ஒரு நிறம், வளர்ந்தது ஒரு நிறம்

அந்தியூர்க்காரன்:
ஆடி மாசம் குருநாதசாமி கோயில் சந்தை நெருங்கினால் என் மாமாவைத் தேடி ஆள் வர ஆரம்பித்துவிடும். குதிரை வாங்கப் போகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். மாமா சுழி பார்ப்பார், அப்புறம் பல், அப்புறம் கால். நிறத்தை மட்டும் வாங்குகிறவர்களே முடிவு செய்துகொள்வார்கள். வம்பு எப்போதும் அங்கேதான்.

எங்கள் தெருவில் ஒருவர் கன்னங்கரேல் என்று ஒரு ஆண் குட்டி வாங்கினார். கருப்புக்கென்றே கூடுதல் காசு கொடுத்தார். அடுத்த ஆடிக்குள் கண்ணைச் சுற்றி நரை வந்துவிட்டது, அப்புறம் முகம் முழுக்க. விற்றவர் சாயம் பூசி ஏமாற்றிவிட்டார் என்று பஞ்சாயத்து வரைக்கும் போனது. மாமா ஒரே கேள்விதான் கேட்டார்: "தாய்க்குதிரை என்ன நிறமுங்க?" விற்றவர் ஒளிக்காமல் "வெள்ளைங்க" என்றார். சாயம் எதுவும் இல்லை, தாயின் நரை குட்டிக்கும் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இப்படி நிறத்தில் ஏமாந்தவர்கள், ஏமாறாமல் தப்பியவர்கள் எல்லாரும் எழுதுங்கள்.

லாயத்து டாக்டர்:
உங்கள் மாமா கேட்டதுதான் சரியான கேள்வி. குட்டி கருப்பாகப் பிறக்கலாம், சிவப்பாகவும் பிறக்கலாம். நரைக்கும் மரபணு தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒரே ஒரு பிரதி வந்தாலே போதும், முடிக்கு நிறம் கொடுக்கும் செல்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும். தோலுக்கு நிறம் கொடுப்பவை அப்படியே இருக்கும். அதனால்தான் முடி வெள்ளையாகவும் அடியில் தோல் கருப்பாகவும் இருக்கிறது. மூக்கு நுனியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

2008இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகக் குழு இதற்குக் காரணம் கண்டுபிடித்தது. எஸ்.டி.எக்ஸ்.17 என்ற மரபணுவுக்குள் 4.6 கிலோபேஸ், அதாவது சுமார் 4,600 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு இரட்டித்துக் கிடக்கிறது. பிற்பாடு தெரியவந்தது இன்னும் சுவாரசியம்: அந்தத் துண்டு அடுத்தடுத்து இரண்டு முறை இருந்தால் மெதுவாக நரைக்கும், மூன்று முறை இருந்தால் சீக்கிரம் முழு வெள்ளையாகிவிடும்.

கருப்புக் குட்டி தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். கடைசிவரை கருப்பாகவே இருக்கப்போகிற குட்டி, பிறக்கும்போது பெரும்பாலும் மங்கின எலிநிறத்தில்தான் இருக்கும். பிறந்த அன்றைக்கே பளபளவென்று கருத்திருந்தால் நான் சந்தேகப்படுவேன். கண்ணோரம் ஒன்றிரண்டு வெள்ளை முடி இருக்கிறதா என்று தேடுவேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் ஒரு வயதான வெள்ளைக் குதிரையை என்னிடம் கொண்டுவந்தார்கள். வாலுக்கு அடியில் கெட்டிக் கெட்டியாகக் கட்டிகள். உண்ணி கடித்த வீக்கம் என்று நினைத்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டு வந்திருக்கிறார்கள். அது மெலனோமா, நிறமி செல்களில் வரும் புற்றுக்கட்டி. 15 வயது தாண்டிய நரைக் குதிரைகளில் 70 முதல் 80 சதவீதத்துக்கு இது வருகிறது. பல குதிரைகளில் வருஷக்கணக்காக மெதுவாகத்தான் வளரும், சிலவற்றில் உள்ளுறுப்புகளுக்கும் பரவும். நான் சொன்ன அந்தத் துண்டு இரண்டு முறை மட்டும் இருந்து மெதுவாக நரைக்கிற வகையில் இந்தத் தொல்லை அபூர்வம். வெள்ளைக் குதிரை வைத்திருப்பவர்கள் தேய்த்துக் குளிப்பாட்டும்போது வாலைத் தூக்கி ஒரு பார்வை பாருங்கள். உதட்டோரமும் காதுக்குக் கீழேயும் பாருங்கள்.

வியன்னாவாசி:
டாக்டர் சொன்னதை நான் கண்ணாலேயே பார்த்தேன். இங்கே வியன்னாவில் ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூல் என்ற குதிரையேற்றப் பள்ளியில் ஆடுகிற லிப்பிசானர் குதிரைகள் எல்லாம் பால் வெள்ளை. அவற்றை வளர்க்கும் பீபர் பண்ணைக்குப் போனால் குட்டிகள் எல்லாம் கருப்பும் பழுப்புமாகத் துள்ளிக்கொண்டிருக்கின்றன. கூட வந்த என் பெண், "அப்பா, வேற யாரோட குட்டியோ மாத்தி விட்டுட்டாங்க" என்றாள். முழுசாக வெள்ளையாக ஆறிலிருந்து பத்து வருஷம் ஆகுமாம். எப்போதாவது ஒன்று நரைக்காமல் பழுப்பாகவே நின்றுவிடும். தாய் தகப்பன் இரண்டுமே நரை மரபணுவை ஒற்றைப் பிரதியாக வைத்திருந்தால் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு அதற்கு உண்டு. அப்படி ஒரு பழுப்பைப் பள்ளியில் வைத்திருப்பது ராசி என்பது இங்கே பழைய நம்பிக்கை. சுழி பார்ப்பதை மூடநம்பிக்கை என்று சிரிக்கிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

ரேஸ் பைத்தியம்:
பந்தயக் குதிரைப் பண்ணையில் பதிவேடு எழுதுவது என் வேலை. தரோப்ரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தில் குட்டி நரைக்க வேண்டுமென்றால் தாய் தகப்பனில் ஒன்றாவது நரையாக இருக்க வேண்டும். இந்த நிறம் தலைமுறை தாண்டி ஒளிந்து வராது.

சிவப்புக் குதிரையில் விதி இன்னும் கறார். எம்.சி.1.ஆர். என்ற மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால்தான் உடம்பு முடி சிவப்பாகும், கருப்பு நிறமியே முடியில் இறங்காது. அதனால் சிவப்பும் சிவப்பும் சேர்ந்தால் சிவப்புதான் பிறக்கும். எங்களிடம் ஒருமுறை இரண்டு சிவப்புக்கும் பிறந்ததாகச் சொல்லி, பிடரியும் வாலும் காலும் கருப்பாக ஒரு பழுப்புக் குட்டி வந்தது. குட்டியைக் கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்து நான் ஒன்றும் பேசவில்லை, பெற்றோர் சோதனைக்கு மட்டும் முடி அனுப்பினேன். தகப்பன் பக்கத்து லாயத்துப் பழுப்பு. வேலி எந்தப் பக்கம் உடைந்திருந்தது என்பதில்தான் அப்புறம் சண்டை.

டெக்சாஸ் மருமகன்:
இங்கே என் மாமனார் வீட்டுக்குப் பக்கத்துப் பண்ணையில் நடந்ததைச் சொல்கிறேன். திட்டுத்திட்டாக வெள்ளை போட்ட பெயிண்ட் குதிரைகள். அதில் ஃபிரேம் என்று ஒரு வகை உண்டு. ஒரு விடியற்காலை துளிக் கறை இல்லாத தூய வெள்ளைக் குட்டி பிறந்தது. நீலக் கண், எழுந்து நின்று பாலும் குடித்தது. எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். வந்த டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் வயிறு உப்பி வலியில் உருள ஆரம்பித்துவிட்டது. ஃபிரேம் மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்துவிட்டால் குடலை அசைக்கும் நரம்பு செல்கள் உருவாகவே உருவாகாது. மருந்து கிடையாது, கருணைக்கொலை ஒன்றுதான் வழி. இதற்கான சோதனை 1998இலிருந்தே இருக்கிறது. தாய்க்குதிரையின் உடம்பில் வெள்ளைத் திட்டு ரொம்பக் குறைவு என்பதால் யாரும் சோதிக்கவில்லை. ஃபிரேம் மரபணு இருந்தும் திட்டே இல்லாத மாதிரித் தெரிகிற குதிரைகள் உண்டு. ஆகவே தோற்றத்தை நம்பி ஜோடி சேர்க்காதீர்கள்.

அந்தியூர்க்காரன்:
படிக்கவே மனசு கேட்கவில்லை மாப்ளே. டாக்டர், சந்தையில் நுக்ரா என்று ரோஸ் தோலோடு வெள்ளைக் குதிரை வருகிறதே, அதற்கும் இந்த ஆபத்து உண்டா? அதற்குத்தான் இப்போது கிராக்கி.

லாயத்து டாக்டர்:
ரோஸ் தோல் என்றால் நரை வகை இல்லை. பிறந்ததிலிருந்தே வெள்ளை. அதற்கும் குறைந்தது இரண்டு வழி இருக்கிறது. கிரீம் மரபணு ஒரு பிரதி வந்தால் சிவப்புக் குதிரை பொன்னிறமாகும், இரண்டு பிரதி வந்தால் முடி வெளிர்ந்து தந்த நிறமாகும், கண்ணும் வெளிர் நீலமாகும். இன்னொன்று கிட் என்ற மரபணுவில் வரும் மாற்றம். அதில் கண் பெரும்பாலும் பழுப்பாகவே இருக்கும். இந்த இரண்டு வகைக்கும் அந்தக் குடல் கோளாறு கிடையாது. வெயில்தான் பிரச்சினை. மூக்கும் கண்ணோரமும் வெந்து புண்ணாகும், மதிய நேரத்தில் நிழலில் கட்ட வேண்டும். வாங்கும்போது கண் நிறத்தைப் பாருங்கள், அதில் பாதி தெரிந்துவிடும். இனவிருத்திக்கு என்றால் பிடரியிலிருந்து இருபது முப்பது முடியை வேரோடு பிடுங்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். கத்தரியால் வெட்டி அனுப்பினால் பிரயோஜனமில்லை, டி.என்.ஏ. எடுப்பது வேரிலிருந்துதான்.