ஆயில் பெயிண்ட் காயவே மாட்டேங்குது, நாயோட கருப்பு மட்டும்

வணக்கம். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட்டுல இருக்கேன். தாத்தாவும் அவர் நாய் கருப்பனும் விடியகாலைல பால்மரம் வெட்ட (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க) போற மாதிரி ஒரு படம் வரையறேன், 24க்கு 36 இஞ்ச் கேன்வாஸ், ஆயில். தாத்தா ஒரு மரம் முடிச்சு அடுத்த மரத்துக்குப் போறதுக்குள்ள அது முன்னாடியே போய் உக்காந்துக்குமாம், அந்த உக்கார்ந்திருக்குற முதுகுதான் படமே.

பிரச்சனை அந்த முதுகுலதான். 7 வாரம் ஆச்சு, தாத்தா கைலி, மரம், பால் பிடிக்கிற மங்கு எல்லாம் காஞ்சிருச்சு, நாய் மேல விரல் வச்சா இன்னும் ஒட்டுது. ஐவரி பிளாக்ங்கிற கருப்பு பெயிண்ட்ல லின்சீட் ஆயில் தாராளமா கலந்து ரெண்டு கோட் தடவிட்டேன் (பளபளன்னு வரணும்னு ஆசை, என் புத்தி). ஐவரி பிளாக்கே மெதுவாத்தான் காயும்னு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. இங்க தினமும் சாயங்காலம் மழை வேற.

ராத்திரி பூரா ஃபேன் போட்டுப் பாத்தாச்சு, ரெண்டு நாள் ஜன்னலோரம் வெயில்ல வச்சேன், ஹேர் டிரையரும் காட்டினேன், மேல லேசா தோல் கட்டுது, உள்ள அப்படியே ஈரம். இப்ப வீட்டு நாயோட நிஜ முடி நாலஞ்சு அதுல ஒட்டிக்கிட்டிருக்கு. வார்னிஷ் அடிச்சு மூடிடுன்னு ஒருத்தர் சொன்னாரு, எனக்குப் பயமா இருக்கு.

தாத்தாவுக்கு 80 வயசு விசேஷம், இன்னும் 5 வாரந்தான்.

அந்தக் கருப்பைச் சுரண்டி எடுத்துட்டு, பர்ன்ட் அம்பர் பிரவுனும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்து மெல்லிசா திரும்ப அடிச்சா அதுக்குள்ள காஞ்சிருமா?