மறு: மூளைத் திசு ஆய்வில் ‘ஆர்ட்டிஃபேக்ட்’ – ‘செய்முறைத் திரிபு’ எனலாமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

வலிப்பு நோய் கண்டு இறந்த நாய், பூனைகளின் மூளைத் திசுவை ஆராய்வது பற்றிய இழையில், ‘ஆர்ட்டிஃபேக்ட்’ (artifact) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘செயற்கைப் பொருள்’ என்ற பரிந்துரை வந்துள்ளது. தொல்லியலுக்கு அது பொருந்தலாம், நோயுற்ற திசுவை நுண்ணோக்கியில் ஆராயும் திசுநோயியலில் பொருந்தாது. இங்கே பேசப்படுவது ஒரு பொருளன்று, திசுவை எடுத்துப் பதப்படுத்தும்போது நம் செயலால் அதில் நேரும் தோற்ற மாற்றம்.

இந்த வேறுபாடு நோயறிதலையே மாற்றிவிடக்கூடியது. இறந்தவுடன் எடுத்த மூளையை ஃபார்மலினில் (திசுவைக் கெடாமல் இறுகச் செய்யும் கரைசல்) உறுதிப்படுமுன் விரலால் அழுத்தினால், நரம்பணுக்கள் சுருங்கி, கருமையாகச் சாயமேறி, அவற்றின் கிளைகள் திருகுபோல் நெளிந்து தெரியும். இடைவிடாத வலிப்பில் உண்மையாகவே மடிந்த நரம்பணுவும் சுருங்கித்தான் இருக்கும். ஆனால் வழக்கமான ஹெமடாக்சிலின்–இயோசின் சாயத்தில் அதன் உட்பகுதி பளிச்சென்று சிவந்திருக்கும். பழகாத கண் முன்னதைப் பின்னதாக எண்ணி, ஹிப்போகாம்பஸில் (நினைவோடு தொடர்புடைய மூளைப் பகுதி) நரம்பணு இறப்பு என்று அறிக்கை எழுதிவிடலாம். உடலை உறைபெட்டியில் வைத்திருந்தாலோ, பனிப்படிகங்கள் திசுவைத் துளைத்து, நோயால் திசுவில் சிறு துளைகள் விழும் பஞ்சுத்தன்மையைப் போலக் காட்டும். பன்னாட்டுக் கால்நடை வலிப்புப் பணிக்குழு 2015-இல் இந்த மூளைகளைச் சேகரிக்கவும் பதப்படுத்தவும் தனியே பரிந்துரைகள் வெளியிட்டதன் தேவை இதனால் விளங்கும்.

எனவே ‘செய்முறைத் திரிபு’ என்று முன்மொழிகிறேன். ‘கைபட்ட மாற்றம்’ என்ற சொல்லும் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் உறைதலும் சாயப் பிழையும் அதற்குள் அடங்கா. தீநுண்மி (வைரஸ்) பற்றிய எழுத்துகளில் ‘திரிபு’ அதன் மாறிய வகை என்ற வேறு பொருளில் வழங்குகிறது என்ற தடை எழலாம். ‘செய்முறை’ என்ற முன்னொட்டு அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும் என்று நம்புகிறேன்.

இறப்புக்குப் பின் உயிரணுக்கள் தம் நொதிகளாலேயே கரைவதை இதில் சேர்க்கக் கூடாது. அதற்குத் ‘தற்சிதைவு’ தனிச்சொல்லாகவே இருக்கட்டும்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. பூனைகளின் ஹிப்போகாம்பஸில் காணும் சிதைவு வலிப்பைத் தந்ததா, வலிப்பால் வந்ததா என்பது திசுவை மட்டும் பார்த்து எளிதில் சொல்லக்கூடியதன்று. முதலாவதை ‘வலிப்பூக்கிச் சிதைவு’ என்றும், அடுத்ததை ‘வலிப்புவழிச் சிதைவு’ என்றும் பிரிக்கலாமா? இரண்டில் எதுவென்று தெரியாத நிலையில் ‘சிதைவு’ என்று மட்டும் எழுதுவதே நேர்மையானது என்பது என் கருத்து. குழுமத்திலுள்ள கால்நடை மருத்துவர்கள் தங்கள் எண்ணத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.