புதுப்பிப்பு: பார்மகாலஜியில் கவிழ்ந்தவன், 3 மாதம் கழித்து

பெங்களூரில் எம்பிபிஎஸ் இரண்டாம் வருடம், ராத்திரி 2 மணி வரை உட்கார்ந்தும் ஒரு வரி ஏறவில்லை, பார்மகாலஜி (மருந்தியல்) இன்டர்னல் பரீட்சையில் ஃபெயில் என்று இங்கே புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. "இன்னும் நேரம் போட்டுப் படி தம்பி" என்ற அண்ணன்களுக்கு: போட்டேன். இன்னும் மோசமானது.

அப்புறம் அல்சூர் அத்தை விடாமல் நச்சரித்ததால் 14416க்கு போன் செய்தேன். டெலி மானஸ், 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய இலவச மனநல போன் சேவை, நம்ம ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைதான் அதற்குத் தலைமை மையம், தமிழிலேயே பேசலாம். அவர்கள் சொல்லி ஒரு கவுன்சிலரைப் பார்த்தேன். அங்கே வந்த பெயர் பர்ன்அவுட், அதாவது ஓயாத அழுத்தத்தில் ஆளே தீர்ந்துபோவது. அதை அளக்கும் மாஸ்லாக் அளவுகோல் மூன்றைப் பார்க்கிறது: சோர்வு, எதிலும் ஒட்டாத அலட்சியம், நம்மால் ஆகாது என்ற நினைப்பு. எனக்கு அந்த இரண்டாவதுதான் சுருக்கென்றது, ஏனென்றால் போன மாதம் வார்டில் ஒரு தாத்தா தன் வலியைச் சொல்லிக்கொண்டிருக்க, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்அவுட்டை நோயாகச் சேர்க்கவில்லை, வேலை சார்ந்த நிகழ்வு என்றுதான் சொன்னது. (வேலை என்றால் சம்பளமாவது வரும்!)

சரி, மாற்றியது ஒன்றே ஒன்று, 11 மணிக்குப் படுக்கை. படித்ததை மூளை பதித்துக்கொள்ள தூக்கம் வேண்டும் என்று முதல் வருடமே பிசியாலஜி பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அடுத்த இன்டர்னலில் 54. ரேங்க் எல்லாம் இல்லை, ஆனால் பாஸ் ஆகிவிட்டேன்.

பேத்தாலஜி (நோயியல்) பரீட்சை அடுத்த வாரம். அதற்கும் 11 மணிதான்.