மறுமொழி: பேஸ்மேக்கருக்கு "இதயமுடுக்கி" பொருந்துமா? "துடிப்பூட்டி" என்னும் சொல்லை முன்வைத்து

மதிப்பிற்குரிய குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இதயம் துடிக்கத் தவறும்போது மின்துடிப்பைக் கொடுக்க உடலுக்குள் வைக்கும் கருவியான பேஸ்மேக்கருக்குரிய தமிழ்ச்சொல் குறித்து நடந்துவரும் இந்த உரையாடலில், "இதயமுடுக்கி" ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று நண்பர் ஒருவரும், "இதயச்சீராக்கி" என்றால்தான் பொருள் விளங்கும் என்று மதுரை ஐயாவும் எழுதியிருந்தீர்கள். சேலத்தில் பல ஆண்டுகள் இ.சி.ஜி. (இதயத்தின் மின்பதிவு) எடுக்கும் பணியில் இருந்தவள் நான். இவ்விரு சொற்களாலும் என் வீட்டிலேயே குழப்பம் விளைந்ததை நேரில் கண்டேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் பெரியப்பாவுக்கு வயது 72. ஏற்காட்டுக்கு அப்பால் நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டங்களில், சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த கொடிகளில் ஏணி வைத்து மிளகு பறிப்பவர். சென்ற பறிப்பின்போது இரண்டு முறை மயங்கி விழுந்தார். மலையிறக்கிச் சேலத்துக்குக் கூட்டிவந்து 24 மணி நேர இதயப் பதிவு எடுத்தபோது காரணம் தெரிந்தது. நிமிடத்துக்கு 140 என்ற அளவில் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்த துடிப்பு திடீரென்று நின்றது, அதன்பின் 4.2 வினாடிகளுக்குத் துடிப்பே இல்லை. இ.சி.ஜி. காகிதத்தில் ஒரு பெரிய கட்டம் 0.2 வினாடி, அப்படி 21 கட்டங்கள் வெறும் நேர்கோடாகக் கிடந்ததைப் பார்த்து, எத்தனையோ பேருடைய காகிதங்களைப் படித்துப் பழகிய எனக்கே கை நடுங்கியது.

பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றார்கள். ஒப்புதல் படிவத்தில் "இதயமுடுக்கி பொருத்தும் அறுவைச் சிகிச்சை" என்று தமிழில் அச்சிட்டிருந்தது. பெரியப்பா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏம்மா, இருக்கிற படபடப்பையே தாங்க முடியல, இதுல இன்னும் முடுக்கி உடுவாங்களா?" நான்கு நாள்கள் கையெழுத்துப் போட மறுத்தார். அதே படிவத்தின் பின்பக்கத்தில் "இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி" என்ற விளக்கம் இருந்தது. அதைக் கேட்ட பெரியம்மாவோ, கருவி வைத்துவிட்டால் மாத்திரை எதுவும் வேண்டியதில்லை என்று முடிவுகட்டி, மருந்துப் பையைக் கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டார். ஒரு சொல் வீண் அச்சத்தைத் தந்தது. இன்னொன்று வீண் நம்பிக்கையைத் தந்தது. இரண்டில் எது பெரிய தீங்கு என்று கேட்டால் இரண்டாவதையே சொல்வேன்.

கருவி செய்வது இன்னதென்று முதலில் தெளிந்துகொண்டால் சொல் தானே வந்து நிற்கும். இதயத்தின் வலது மேலறையில், மேற்பெருஞ்சிரை என்னும் இரத்தக்குழாய் வந்து சேரும் இடத்தருகே, சைனஸ் கணு என்னும் சிறு திசுத்திரள் இருக்கிறது. 1907இல் கீத், பிளாக் என்னும் இருவர் இதைக் கண்டு விவரித்தனர். ஓய்வில் இருக்கும் நமக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை வரை மின்துடிப்பை எழுப்புவது இக்கணுதான். அத்துடிப்பு மேலறைகளில் பரவி, 1906இல் ஜப்பானிய மருத்துவர் தவாரா விவரித்த, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவிலுள்ள இடைக்கணுவில் ஒரு கணம் தாமதித்து, பிறகு கீழறைகளுக்கு இறங்குகிறது. சைனஸ் கணு சோர்ந்துபோனாலோ இடைவழி தடைபட்டாலோ துடிப்பு விட்டுப்போகிறது. மூளைக்குச் சில வினாடிகள் இரத்தம் போகாததால் மனிதர் சாய்கிறார்.

பேஸ்மேக்கர் இந்த விடுபடலைத்தான் காவல் காக்கிறது. காறையெலும்புக்குக் கீழே தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, சில சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறி, சிரை வழியாக மெல்லிய கம்பியை எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே இதயத்துக்குள் செலுத்துகிறார்கள். கம்பியின் மறுமுனையைச் சிறிய பெட்டியில் இணைத்துத் தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிடுகிறார்கள். நெஞ்சைத் திறப்பதில்லை. நிமிடத்துக்கு 60 என்று அமைத்திருந்தால் கருவி ஒரு வினாடி காத்திருக்கும். அதற்குள் இதயம் தானாகத் துடித்துவிட்டால் பேசாமல் இருந்து மீண்டும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். துடிக்காவிட்டால் மட்டும் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்குச் சில வோல்ட் அளவில் மின்துடிப்பைக் கொடுக்கும். தெருக்கூத்தில் ஆடுபவர் பாட்டை மறந்த இடத்தில் பின்பாட்டுக்காரர் அடியெடுத்துக் கொடுப்பாரே, கிட்டத்தட்ட அதே வேலைதான். கருவி அப்படி எடுத்துக்கொடுத்ததற்கு அடையாளமாக இ.சி.ஜி.யில் துடிப்புக்கு முன்னால் ஊசி குத்தியதுபோல் ஒரு செங்குத்துக் கோடு விழும்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். "முடுக்கு" நல்ல தமிழ்ச்சொல்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் மாட்டை முடுக்குவோம், திருகை முடுக்குவோம், வேலையை முடுக்கிவிடுவோம். எல்லாவற்றிலும் விரட்டுதலோ இறுக்குதலோ இருக்கிறது. பள்ளி இயற்பியலிலும் வேகம் மாறும் வீதத்துக்கு "முடுக்கம்" என்று பெயரிட்டு, துகள்களை விரைவாக்கும் பொறியைத் "துகள்முடுக்கி" என்றே சொல்லிக்கொடுக்கிறோம். ஒரே சொல்லை அங்கே விரைவாக்கும் பொறிக்கும் இங்கே காத்திருக்கும் கருவிக்கும் வைப்பது கற்பவரையும் நோயாளியையும் தடுமாறச் செய்யும். நடக்கும்போதும் மேடேறும்போதும் உடலசைவை உணர்ந்து துடிப்பை ஓரளவு உயர்த்திக் கொடுக்கும் கருவிகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அது கூடுதல் வசதி. கருவியின் அடிப்படைத் தொழில் அதுவன்று.

"சீராக்கி" பற்றி மதுரை ஐயா பொறுத்தருள வேண்டும். வீட்டில் மின்னழுத்தச் சீராக்கி வைத்திருப்பவர்களுக்கு அது கூடினாலும் குறைந்தாலும் சரிசெய்யும் என்று தெரியும். பேஸ்மேக்கரையும் அப்படியே எண்ணிவிடுவார்கள். ஒழுங்கற்ற துடிப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் பல நோய்கள் இருக்கின்றன. பெரியப்பாவுக்கு இருப்பதுபோல், மேலறைகள் நிமிடத்துக்கு 350க்கும் மேற்பட்ட முறை ஒழுங்கின்றி நடுங்கும் நோயைப் பேஸ்மேக்கர் குணப்படுத்துவதில்லை. நடுக்கம் வந்தால் வந்ததுதான். அப்படியானால் எதற்காக வைக்கிறார்கள்? படபடப்பைக் குறைக்கும் மாத்திரை, துடிப்பு நிற்கும் வேளையில் அதை இன்னும் மந்தமாக்கிவிடும். ஆகவே மருத்துவர் அதைக் கொடுக்க அஞ்சுவார். கீழே விழாமல் தாங்கிக்கொள்ளக் கருவி ஒன்று வந்துவிட்டால் மாத்திரையைத் துணிந்து கொடுக்கலாம். வேகத்துக்கு மாத்திரை, நிறுத்தத்துக்குக் கருவி. சிகிச்சை இவ்விரண்டும் சேர்ந்ததே. மேலறை நடுக்கத்தால் இரத்தம் உறைந்து மூளைக்குப் போகும் ஆபத்தும் கருவியால் நீங்குவதில்லை. பெரியம்மா பரணில் வைத்த பையில் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் இருந்தது.

எனவே நான் முன்வைப்பது "துடிப்பூட்டி". பாலூட்டி, குளிரூட்டி, நினைவூட்டி என்று ஊட்டுதலால் அமைந்த சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. துடிப்பு இல்லாத இடத்தில் துடிப்பைத் தருவது என்ற ஒரே பொருளை இச்சொல் சொல்கிறது. விரட்டுவதாகவும் சொல்லவில்லை, எல்லாவற்றையும் நேராக்குவதாகவும் சொல்லவில்லை. கருவி பிறப்பதற்கு முன்பே ஆங்கிலத்தில் இப்பெயர் சைனஸ் கணுவுக்கு வழங்கியது என்பதையும் கருத வேண்டும். "இயற்கைத் துடிப்பூட்டி", "செயற்கைத் துடிப்பூட்டி" என்று இரண்டுக்கும் இது இசைகிறது. வினையாகவும் வளைகிறது: துடிப்பூட்டினார்கள், துடிப்பூட்டல், துடிப்பூட்டிய துடிப்பு, ஈரறைத் துடிப்பூட்டி, கம்பியில்லாத் துடிப்பூட்டி. இதயத்தை எழுப்பப் போதுமான மிகக்குறைந்த மின்னளவை "எழுப்பளவு" எனலாம். இடையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: "துடி" பழந்தமிழரின் ஒரு பறைக்கும் பெயர். தாளத்தின் நினைவு இச்சொல்லுக்குள் தானாகவே வந்து அமர்ந்திருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

பெட்டிக்கும் கம்பிக்கும் புதுச்சொல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. "மின்முனை வடம்" என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள். சேலத்தில் எந்த வார்டிலும் எல்லாரும் "கம்பி" என்றுதான் சொல்கிறார்கள், அது சரியான சொல்லும்கூட. 1916இலேயே அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று இராஜாஜி முன்னின்று ஒரு சங்கம் தொடங்கினார். சேலத்தில் வக்கீலாக இருந்த காலம் அது. அவ்வளவு பழைய முயற்சியின் வழிவந்த ஊரில் இருந்துகொண்டு, மக்கள் வாயில் இருக்கும் சொல்லைத் தள்ளிவிட்டு வேறொன்றைத் தேடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஆனால் "பேட்டரி மாற்றுதல்" என்ற வழக்கை மட்டும் திருத்த வேண்டும். மின்கலம் பெட்டிக்குள் வைத்து மூடப்பட்டது. பத்தாண்டுகள் அளவில் அது தீரும்போது பெட்டியையே மாற்றுகிறார்கள், கம்பி நன்றாக இருந்தால் அது அங்கேயே இருக்கும். 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் உடலுக்குள் முதன்முதலாகக் கருவி பொருத்தப்பட்ட ஆர்னே லார்சன், முதற்பெட்டி சில மணி நேரமே உழைத்தும், ஒன்றன்பின் ஒன்றாக இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகளோடு 2001 வரை வாழ்ந்தார். மாற்றுவது என்றால் பெட்டி மாற்றுவதுதான் என்று நோயாளிக்குத் தெரிந்திருந்தால் இரண்டாம் அறுவைக்கு அஞ்ச மாட்டார்.

அன்புடன்,
சேலத்திலிருந்து.

---

மறுமொழி (இரண்டு நாள்கள் கழித்து)

நண்பர்களுக்கு வணக்கம். என் மடலுக்கு வந்த மறுப்புகளில் மூன்றுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

> "துடிப்பூட்டி" என்றால் நோயாளிகளுக்கு ஊட்டி மலைதான் நினைவுக்கு வரும்.

பாலூட்டி என்னும்போது யாருக்கும் மலை நினைவுக்கு வருவதில்லை. புணர்ந்து நிற்கும்போது முன்சொல்லே பொருளை இழுத்துச் செல்கிறது. பிரித்து "துடிப்பு ஊட்டி" என்று அச்சிட்டால் இந்த இடர் வரக்கூடும் என்பதால், சேர்த்தே எழுத வேண்டும் என்று மட்டும் குறித்துக்கொள்வோம்.

> உயிர்காக்க அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவியையும் இதே பெயரால் அழைத்துவிட மாட்டார்களா?

மருத்துவர் அம்மா கேட்டது மிகத் தேவையான கேள்வி. அது கீழறையின் கொடிய நடுக்கத்தை ஒரே அதிர்ச்சியில் நிறுத்தும் கருவி. அதற்கு "நடுக்கநீக்கி" என்ற தனிப்பெயர் வேண்டும். இரு வேலையும் செய்யும் பெட்டியைத் "துடிப்பூட்டும் நடுக்கநீக்கி" எனலாம். ஒன்றின் பெயர் கொடுப்பதையும் மற்றதன் பெயர் நீக்குவதையும் சொல்வதால் கலந்துவிடாது.

"இதயமுடுக்கி" ஏற்கெனவே பரவிவிட்டது என்ற மறுப்பைப் பொறுத்தவரை, அது பரவியிருப்பது அச்சில்தான். மக்கள் பேஸ்மேக்கர் என்றே சொல்கிறார்கள். ஆகவே பேஸ்மேக்கரையும் துடிப்பூட்டியையும் சில ஆண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் போதும். ஒப்புதல் படிவத்துக்காக நான் எழுதிய வரைவு இது. திருத்தித் தர வேண்டுகிறேன்.

"உங்கள் இதயம் சில வேளைகளில் துடிக்கத் தவறுகிறது. பேஸ்மேக்கர் எனப்படும் துடிப்பூட்டி, அப்படித் தவறும்போது ஒரு துடிப்பைக் கொடுக்கும். படபடப்பை இது நிறுத்தாது. அதற்குரிய மாத்திரைகளையும் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையையும் மருத்துவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தக்கூடாது. கருவி வைத்த பக்கத்துக் கையைச் சில வாரங்களுக்குத் தோளுக்கு மேல் உயர்த்தாதீர்கள். உயர்த்தினால் கம்பி இடம்பெயரலாம். மின்கலம் தீரும் காலத்தில் பெட்டி மட்டும் மாற்றப்படும்."

இரண்டாம் வாக்கியத்தில் "கொடுக்கும்" என்று எழுதுவதா, "ஊட்டும்" என்று எழுதுவதா என்பதில் எனக்குத் தயக்கம் இருந்தது. பெரியப்பாவுக்குக் கருவி வைத்து இப்போது ஆறாவது வாரம். இரண்டையும் அவரிடம் படித்துக் காட்டினேன். "கொடுக்கும்னே எழுதும்மா, அதுதான் புரியுது" என்றார். அப்படியே விட்டிருக்கிறேன்.