கோல் ஊன்றிப் பாய ஒரு கோல் இரவல் வேண்டும்

அண்ணாமார், அக்காமார், அவசரமாக ஒரு உதவி. தங்கச்சி மாகாணத்தில் வென்று அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குத் தெரிவாகியிருக்கிறாள், கோல் ஊன்றிப் பாய்தலில். அவளுடைய கோல் 45 கிலோ எடைக்கு உரியது, இப்ப அவள் 50 கிலோ, ஊன்றும்போது அளவுக்கு மீறி வளைகிறது, அதோடு கைபிடிக்கிற இடத்தில் சுற்றிய ரேப்புக்குக் கீழே மெல்லிய கீறல் ஒன்றும் தெரிகிறது. நடுவில் முறிந்தால் மெத்தையில்தான் விழுவாள் என்று யார் சொல்வது? புதிது வாங்கலாமே என்று சொல்லாதீங்கோ, வெளிநாட்டிலிருந்து இறக்குகிற சாமான், விலை எங்களுக்குக் கட்டாது.

தெல்லிப்பழை, பருத்தித்துறைப் பக்கம் முன்பு பாய்ந்தவர்கள் யாரிடமாவது சும்மா கிடக்கிறதா? (அனித்தா ஜெகதீஸ்வரன் தேசிய சாதனை வைத்த விளையாட்டு, எங்கட ஊரில் ஒரு கோல் கிடைக்காமலா போகும்!) 3.70 மீற்றர் நீளம், கோலில் 50 இலிருந்து 55 கிலோவுக்குள் எழுதியிருந்தால் சரி. 50க்குக் குறைந்தது வேண்டாம்.

அப்புறம், அதைக் கொழும்புக்குக் கொண்டுபோகிற வழி. பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். லொறி ஓடுகிறவர்கள் மேலே கட்டிக் கொண்டுவந்தால் கூலி தருவோம். உள்பெட்டியில் எழுதுங்கோ.