யோகோசுனா நிஜமாகவே சுமோ வீரரா?

கேள்வி – கயிறுதாண்டி:
பழைய ரெஸ்லிங் வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜப்பான் கொடி, கைநிறைய உப்பு, கூடவே மேனேஜர் மிஸ்டர் ஃபூஜி. இந்த யோகோசுனா சுமோவிலிருந்து வந்தவரா? பிறகு என்ன ஆனார்?

பதில் – மேல்கயிறு:
ஜப்பானியரே இல்லை. ராட்னி அனோவாயி, 1966-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த சமோவாக்காரர். ரெஸ்லிங் நட்சத்திரம் ரோமன் ரெய்ன்ஸின் அதே குடும்பம். அந்த ஃபூஜிகூட ஹவாயில் பிறந்தவர்தான்!

பதில் – பழைய_ரசிகன்:
சுமோவில் 'யோகோசுனா' என்பது பெயரல்ல, உச்சப் பட்டம். வேடிக்கை என்னவென்றால், 1993 ஜனவரியில் இவர் ராயல் ரம்பிளை (முப்பது பேர் மோதும் ரெஸ்லிங் ஆட்டம்) ஜெயித்த அதே வாரம், ஹவாயில் பிறந்த சுமோ வீரர் அகேபோனோவுக்கு ஜப்பானில் நிஜ யோகோசுனா பட்டம் கிடைத்தது. வெளிநாட்டில் பிறந்து அதைப் பெற்ற முதல் ஆள் அவர்.

நம்ம ராட்னிக்கு அப்போதே 500 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 230 கிலோ. ஆனால் அந்த வருட ஆட்டங்களைப் பாருங்கள், அந்த உடம்போடு ஓடுவார், காலைத் தூக்கி உதைப்பார். எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான். மூலைக் கயிற்றில் ஏறி, கீழே கிடப்பவர் நெஞ்சில் அப்படியே உட்காருவாரே, அந்த பன்சாய் டிராப்புக்கு நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

அந்த வருடப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா 9-ல் ஃபூஜி, அப்போதைய சாம்பியன் பிரெட் ஹார்ட்டின் கண்ணில் உப்பைத் தூவ, சாம்பியன் பட்டம் இவர் கைக்கு வந்தது. சில நிமிடத்தில் ஹல்க் ஹோகனிடம் போனது. (இன்றும் எனக்கு அது எரிச்சல்.) ஜூனில் ஹோகனிடமிருந்தே திரும்ப வாங்கி, 1994 மார்ச் வரை வைத்திருந்தார். கடைசியில் அதே பன்சாய் டிராப்புக்கு ஏறியபோது தடுமாறி விழுந்தார். பிரெட் அமுக்கிப் பட்டத்தைப் பறித்துவிட்டார்.

கேள்வி – கயிறுதாண்டி:
அதற்கப்புறம்?

பதில் – பழைய_ரசிகன்:
1995-ல் ஓவன் ஹார்ட்டோடு ஜோடிப் பட்டம். ஆனால் எடை ஏறிக்கொண்டே போனது. முதலில் காசு கொடுத்த உடம்பு, பிறகு நகரவே விடவில்லை. 1996 சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் ஸ்டீவ் ஆஸ்டினோடு மோதும்போது மேல்கயிறே அறுந்தது. அதைச் சிரிப்புக்காகத்தான் செய்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2000 அக்டோபரில் லிவர்பூலில் ஒரு ஓட்டல் அறையில் இறந்து கிடந்தார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. வயது 34.

பதில் – மேல்கயிறு:
2012-ல் WWE-யின் ஹால் ஆஃப் ஃபேமில் (புகழ் பெற்றவர்கள் பட்டியல்) சேர்த்தார்கள். மேடையில் அறிமுகம் செய்தது அதே குடும்பத்து ஊசோ சகோதரர்கள்.

கேள்வி – கயிறுதாண்டி:
34தானா? வீடியோவில் ஐம்பது வயதுக்காரர் மாதிரி இருந்தார். சரி, 1993 ரம்பிளிலிருந்து மறுபடி பார்க்கிறேன்.